வாயு என்று தள்ளிவிடாதீர்கள்
முதியோரின் வயிற்று வலி, நெஞ்சு வலிக்குக் காரணம் கண்டறிவது பற்றி நாகமலை புதுக்கோட்டையில் ஆற்றிய உரை

நம் எல்லோருக்கும் நன்றாகப் பழகிய ஒரு சொல்லைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன். அந்தச் சொல் 'வாயு'. வீட்டில் வயதானவர் ஒருவர் "வகுறு ஒரு மாதிரி இருக்குப்பா" என்றாலும் வாயு. "நெஞ்சைக் கரிக்குது" என்றாலும் வாயு. "முதுகு பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாலும் வாயு. உடனே ஒரு சோடா, கொஞ்சம் ஓமத்தண்ணி, பெருங்காயம் கரைத்த மோர். இல்லையென்றால் மருந்துக் கடையில் ஒரு செட்டு மாத்திரை. ஓர் ஏப்பம் வந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பல சமயம் அது அஜீரணமாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் 60 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஒரு வலி வந்தால், அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். வலியை அடக்குவது ஒரு வேலை. வலியின் காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறொரு வேலை. முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துபோவதால்தான் காப்பாற்றக்கூடிய உயிர்கள் கைநழுவிப் போகின்றன.

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசன்ஹோவருக்கு 1955 செப்டம்பர் 23-ஆம் தேதி, டென்வர் நகரில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது வயிறு ஒரு மாதிரியாக இருந்தது. அப்போது அவருக்கு 64 வயது. மதியம் தின்ற வெங்காயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். நள்ளிரவுக்குப் பிறகு நெஞ்சு வலி எழுப்பியது. டாக்டர் வந்தார். ஆனாலும் வெளியே முதலில் சொல்லப்பட்ட சேதி அஜீரணம் என்பதுதான். மறுநாள் பகலில் ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் அது மாரடைப்பு என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், அடுத்த வருஷத் தேர்தலிலும் ஜெயித்தார், 1969 வரை உயிரோடு இருந்தார். பக்கத்திலேயே டாக்டர் இருந்த ஒரு நாட்டின் தலைவருக்கே வலி இப்படிப் போக்குக் காட்டியது என்றால், நம் வீட்டு அப்பத்தாவுக்கும் ஐயாவுக்கும் காட்டாதா?

வலி ஏன் இடம் மாறித் தெரிகிறது?

கையில் முள் குத்தினால் எந்த விரலில் எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். உள்ளுறுப்புகள் விஷயம் அப்படியில்லை. இருதயம், உணவுக்குழாய், இரைப்பை, பித்தப்பை, கணையம் ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் அடுத்தடுத்தும், சில சமயம் ஒன்றாகக் கலந்தும் சேருகின்றன. நான்கு வீட்டுக்கு ஒரே அழைப்பு மணி இருந்தால், மணி அடிக்கும்போது வந்திருப்பவர் எந்த வீட்டுக்கு என்று எப்படித் தெரியும்? அந்தக் குழப்பம்தான் இது.

இன்னொன்றும் உண்டு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைத்திரையின் மேல்தான் இருதயத்தின் அடிப்பக்கம் படிந்திருக்கிறது. திரைக்குக் கீழே இரைப்பை. ஆகவே இருதயத்தின் அடிப்பக்கத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டால், வலி மேல்வயிற்றில் தெரியலாம். குமட்டல் வரும், வாந்தியும் வரும். பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுக் கோளாறு மாதிரியே இருக்கும். இதே போல, நுரையீரலின் அடிப்பகுதியில் சளிக்காய்ச்சல் கட்டினாலும் வலி வயிற்றில் காட்டலாம். மறுபக்கம், பித்தப்பையில் கல் இருந்தால் வலி வலது தோள்பட்டையில் தெரியலாம்.

வயதானால் வலி அடங்கிப் பேசும்

வாலிபனுக்குக் குடல்வால் வீங்கினால் துடிப்பான், காய்ச்சல் அடிக்கும், வயிறு பலகை போல இறுகும். அதே நோய் 75 வயதுப் பெரியவருக்கு வந்தால் லேசான வலி, சாப்பிடப் பிடிக்கவில்லை, கொஞ்சம் சோர்வு என்று மட்டும் இருக்கலாம். காய்ச்சலே வராமல் போகலாம். இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள்கூட உயராமல் இருக்கலாம். வலி குறைவாக இருப்பதால் நோயும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது.

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதுபட்டிருக்கும். அவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். திடீரென்று மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் குப்பென்று வியர்ப்பது, நாலு எட்டு நடக்க முடியாத அசதி, இவைதான் அடையாளம். பெண்களுக்கும் நெஞ்சு வலியோடு குமட்டல், முதுகு வலி, அசதி என்று கலந்து வருவது அதிகம்.

இதற்கு மேல் நம் பெரியவர்களின் மனசு ஒன்று இருக்கிறது. "புள்ளைகளுக்கு எதுக்குச் செலவு", "மருமக வேலைக்குப் போற நேரத்துல எதுக்குத் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். இரவு பத்து மணிக்கு வந்த வலியை விடிந்து காப்பி குடிக்கும்போதுதான் சொல்வார்கள். தாய்மார்களே, பெரியவர்களே, உங்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: சொல்லிவிடுங்கள். இரவிலேயே சொன்னால் ஒரு நாள் அலைச்சலோடு முடியக்கூடியது, மறைத்தால் குடும்பத்துக்கே பல மாதக் கஷ்டமாகும்.

முதலில் தேட வேண்டியது இருதயம்

காரணங்கள் பல இருக்கலாம். டாக்டர் முதலில் தேடுவது அதிகம் நடக்கும் காரணத்தை மட்டுமல்ல, சீக்கிரம் உயிரை எடுக்கும் காரணத்தையும் சேர்த்துத்தான். அதனால்தான் தாடைக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எங்கே வலி என்று பெரியவர் சொன்னாலும் முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். "வகுத்து வலிக்கு எதுக்கு ஈ.சி.ஜி.? காசு பிடுங்கவா?" என்று கோபப்படாதீர்கள்.

மாரடைப்பு வலி பெரும்பாலும் குத்தும் வலியாக இருப்பதில்லை. பாரம் வைத்த மாதிரி, இறுக்கிப் பிடித்த மாதிரி, எரிகிற மாதிரி இருக்கும். இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவும். வியர்க்கும். அதற்கு முன்னோட்டமாகச் சிலருக்கு, மாடிப்படி ஏறினால் நெஞ்சு பிடிக்கும். நின்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடும். சாப்பிட்டுவிட்டு நடந்தால் இது கூடுதலாக வரும். சாப்பிட்ட பிறகு வருவதால் அதையும் வாயு என்று சொல்லிவிடுவோம். நடந்தால் வந்து நின்றால் போகிற எந்தக் கரிப்பையும் வாயு என்று விடக் கூடாது.

ஏப்பம் விட்டதும் சுகமாக இருந்தது, ஜெலுசில் குடித்ததும் குறைந்தது என்பதெல்லாம் இருதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. அதேபோல முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். இருதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற பொருளை அளந்து பார்ப்பார்கள்; அதையும் சில மணி நேரம் விட்டு இரண்டாம் முறை பார்க்க வேண்டி வரலாம். "ஒரு தடவை பார்த்தாச்சுல்ல, வீட்டுக்குப் போவோம்" என்று அவசரப்படாமல் இருங்கள்.

அடைத்த குழாயில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் மிக அதிகம். 12 மணி நேரம் வரை பலன் இருக்கலாம், ஆனால் நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். சோடா குடித்துவிட்டுக் காத்திருந்த நேரமெல்லாம் இந்தக் கணக்கில்தான் கழிகிறது. தமிழ்நாட்டில் 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. மாரடைப்புக்கான முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதன் நோக்கம். நம் ஊரிலிருந்து காளவாசல் வழியாக மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதேதான். அங்கே இருதயப் பிரிவு இருக்கிறது. தூரம் குறைவு, நாம் தாமதிப்பதுதான் அதிகம்.

வயிற்றுக்குள் இருக்கும் காரணங்கள்

இருதயம் இல்லை என்று தெரிந்த பிறகு வயிற்றுக்கு வருவோம்.

முதலாவது இரைப்பைப் புண். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடும் வலி மாத்திரை முதியோருக்கு இரைப்பைப் புண் வருவதற்கு ஒரு பெரிய காரணம். முழங்காலுக்குப் போட்ட மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. கவலையும் காரமும்தான் புண்ணுக்குக் காரணம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. சரியான மருந்தை இரண்டு வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமி ஒழிந்துவிடும். காரணம் தெரிந்தால் வைத்தியம் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்!

மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும் என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

60 வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் தொடங்கினால், அதோடு எடை குறைந்தால், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டால், விழுங்கச் சிரமமாக இருந்தால், எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். இரைப்பையில், உணவுக்குழாயில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் அமில மாத்திரை போட்டுக்கொண்டே வந்தால் தொந்தரவு அடங்கிவிடும். உள்ளே நோய் வளரும்.

இரண்டாவது பித்தப்பைக் கல். எண்ணெய்ப் பலகாரமோ கறிச்சோறோ சாப்பிட்ட பிறகு வலது பக்க மேல்வயிற்றில் வலி எழும்பி முதுகுக்கும் தோளுக்கும் போகும். கூடவே குளிர்க்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் அது அவசரம். காமாலைக்கு வேர் கட்டுவோம் என்று நாள் கடத்த வேண்டாம். இந்தக் கல்லை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எளிதாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் அன்று காலை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கணைய அழற்சி. மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாயும். குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் சுகம். பித்தக் கல்லும் சாராயமும் இதற்கு முக்கியக் காரணங்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நான்காவது குடல் அடைப்பு. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால் அது வெறும் மலச்சிக்கல் இல்லை. அப்போது விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்க முயன்றால் ஆபத்து. அரையில் பல காலமாக இருந்த குடலிறக்கம் உள்ளே போகாமல் கல்லு மாதிரி இறுகி வலித்தாலும் உடனே கொண்டுபோக வேண்டும். கூச்சப்பட்டு வேட்டிக்குள் மறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு.

ஐந்தாவது சிறுநீர் அடைப்பு. ஆண்களுக்கு வயதானால் பிராஸ்டேட் சுரப்பி பெருக்கும். அடிவயிறு குடம் போலப் பொங்கி வலிக்கும். சொட்டுச் சொட்டாக மட்டும் போகும். ஒரு குழாய் போட்டு எடுத்துவிட்டால் அப்போதே நிம்மதி. பிறகு காரணத்துக்கு வைத்தியம்.

இன்னும் ஒன்று, அதிகம் வராது, வந்தால் விடாது. வயிற்றில் உள்ள பெரிய இரத்தக்குழாய் பலூன் போல ஊதிக் கசிவது. புகை பிடித்த, இரத்தக் கொதிப்புள்ள ஆண்களுக்கு வருவது அதிகம். வயிற்றிலும் முதுகிலும் திடீர் வலி, மயக்கம் என்று வரும்.

தோலில் வரும் காரணம்

ஒரு பக்கம் மட்டும், நெஞ்சிலோ வயிற்றிலோ வார் கட்டினாற்போல எரிச்சலும் குத்தலும் இருக்கும். துணி பட்டாலே கூசும். ஈ.சி.ஜி. சரி, ஸ்கேன் சரி. இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்தில் சிறு கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பும். அதுதான் அக்கி. சிறு வயதில் வந்த அம்மை, அதன் கிருமி நரம்பில் தூங்கியிருந்து முதுமையில் எழும்புவது. நம் பக்கத்தில் குயவரிடம் போய்க் காவி மண்ணால் எழுதிக்கொள்வார்கள். அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 3 நாளுக்குள் கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்க வேண்டும். தாமதித்தால், கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் நிற்காது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

டாக்டர் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள்

காரணத்தைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை உங்கள் பதிலில் இருக்கிறது. "ரொம்ப வலிக்குது சார்" என்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் சொல்லுங்கள்:

எப்போது தொடங்கியது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்?
எந்த இடத்தில் தொடங்கி எங்கே போகிறது?
பாரமா, எரிச்சலா, முறுக்கா, குத்தலா?
எதனால் கூடுகிறது? நடந்தாலா, சாப்பிட்டாலா, படுத்தாலா, மூச்சை இழுத்தாலா?
வியர்வை, வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம், கறுப்பு மலம் உண்டா?
இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா?

பெரியவரையே பேச விடுங்கள். காது கேட்காதவர் என்றால் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்லுங்கள். அவருக்குப் பதிலாக நீங்களே "அது வாயுதான் சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து, மூட்டு வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் அது பொன் மாதிரி. புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது இன்றைய மாறுதல் என்று தெரியும். அந்தத் தாள் நாளானால் வெளுத்துப்போகும்; ஆகவே ஒரு ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் அதே பையில் இருக்கட்டும்.

எப்போது உடனே 108?

நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ பாரம் 10 நிமிஷத்துக்கு மேல் விடவில்லை, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, மயக்கம் வருகிறது, இரத்த வாந்தி அல்லது தார் மலம், வயிறு இறுகிவிட்டது, உப்பி மலமும் காற்றும் நின்றுவிட்டது, வலியோடு காமாலையும் குளிர்க்காய்ச்சலும். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தேனி ரோட்டில் எந்த நிறுத்தம், பக்கத்தில் எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒரு ஆள் ரோட்டில் போய் நிற்கட்டும்.

வண்டி வரும்வரை பெரியவரைச் சாய்த்து உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துத் தூக்கிப்போக வேண்டாம். வயிற்றைத் தடவி, குடல் ஏற்றி, சுளுக்கு வழித்து நேரம் போக்க வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை இரவல் வாங்கிக் கொடுக்கவும் கூடாது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் அது ஆபத்தில் முடியும்.

வருமுன் செய்ய வேண்டியது

இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அடங்கியிருந்தால் இந்தப் பட்டியலில் பாதி சுருங்கிவிடும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வருகிற பெண்ணிடம் "நல்லாத்தான் இருக்கேன் ஆத்தா" என்று சொல்லி அனுப்பிவிடாமல், கையை நீட்டி அளக்க விடுங்கள். அப்போதே இந்தக் கரிப்பு, உப்புசம், அசதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். பீடி, சிகரெட், புகையிலையை விட்டுவிடுங்கள். 70 வயதில் விட்டாலும் பலன் உண்டு.

பிள்ளைகளே, மருமக்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும், "சாப்டீங்களா?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? அதோடு "எங்கேயாவது வலிக்குதா?" என்றும் கேளுங்கள். கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள். சொன்னால்தான் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் பெரும்பாலான நோய்க்கு இன்று வழி இருக்கிறது.